‘பழைய கதை எதுக்கு சேர்?’ – வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பில் சாதாரண தரத்துக்கும் உயர்தரக் கலைப்பிரிவுக்கும் வரலாறு படிப்பிக்கிறவன். முதல் சில வருசம் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன், இப்போது கல்லடியில் பின்னேர வகுப்பு. பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் கோபத்தில் கேட்கிறார்கள், சிலர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். வருசா வருசம் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். வகுப்பில் கதைக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், ஆகவே சில இடம் நீளும், சில இடம் ஒரு வரியில் முடியும்.

நடந்தது நடந்து முடிந்துவிட்டது. அதைப் படித்து இப்போது என்ன பயன்?

முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? காலையில் எழும்பி என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். துவாயால் முகம் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போகிறீர்கள், கதிரையை இழுத்துப் போட்டு மேசையில் பாணை வைத்துச் சாப்பிடுகிறீர்கள், அலுமாரியைத் திறந்து உடுப்பெடுக்கிறீர்கள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறீர்கள். துவாய், குசினி, கதிரை, மேசை, பாண், அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசச் சொற்கள். போர்த்துக்கீசர் மட்டக்களப்புக் கோட்டையை இழந்தது 1638இல். அவர்கள் போய்க் கிட்டத்தட்ட நானூறு வருசம் ஆகப்போகிறது, ஆனால் அவர்களுடைய வாய் இன்னும் உங்கள் குசினிக்குள் இருக்கிறது. கந்தோர், லாச்சி, போஞ்சி என்றால் அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. டவுனில் இருக்கிற பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்தவர்கள்) குடும்பங்களில் வயதானவர்கள் சிலர் வீட்டுக்குள் இன்னும் போர்த்துக்கீசக் கலப்பு மொழி பேசுகிறார்கள்.

அப்புறம் உங்கள் அடையாள அட்டை விண்ணப்பத்தில் இருக்கிற பிரதேச செயலக முத்திரையைப் பாருங்கள். ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, போரதீவுப்பற்று, மண்முனைப்பற்று. இந்தப் ‘பற்று’ என்ன என்று வகுப்பில் கேட்டால் ‘பாசம்’ என்று ஒருவன் பதில் சொன்னான், பாவம். அது வன்னிபங்கள் என்ற சிற்றரசர்கள் இருந்த காலத்தில் நாடு பிரித்து ஆண்ட பழைய நிர்வாகப் பிரிவின் பெயர். வெள்ளைக்காரன் அதை எடுத்துக்கொண்டான், சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அஸ்வெசும உதவிப் பெயர்ப் பட்டியல் இன்றைக்கும் அந்தப் பழைய எல்லைப் பெயருக்குக் கீழேதான் வருகிறது.

படித்தால் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைப்பது குறைவு, பொய் சொல்ல மாட்டேன். ஆசிரியர், தொல்லியல், நிர்வாக சேவைப் பரீட்சை, சட்டம், பத்திரிகை, சுற்றுலா வழிகாட்டி என்று சில வழிகள் உண்டு. மகனைக் கணக்குப் படிக்க விடாமல் வரலாறு படிக்கச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. கணக்குப் படிக்கிறவனும் இந்த ஊரில்தான் வீடு கட்டுவான், வோட்டுப் போடுவான், அவ்வளவுதான்.

ஆண்டுகளை மனப்பாடம் பண்ணுவதுதானே வரலாறு?

பரீட்சைக்கு அப்படித்தான் ஆகிவிட்டது, அதற்கு நாங்கள் ஆசிரியர்களும் காரணம். ஆண்டு தேவைப்படுவது எது முதல், எது பிறகு என்று தெரிய. முன்பின் தெரியாவிட்டால் காரணம் எது, விளைவு எது என்று மாறிப்போகும். அடுத்த கேள்வியைப் பாருங்கள், விளங்கும்.

நான் அம்பாறை மாவட்டம். எனக்கு மட்டக்களப்பு வரலாறு எதற்கு?

கல்முனையில் இருந்து வருகிற ஒரு பிள்ளை கேட்டது. நான் திருப்பிக் கேட்டேன்: விபுலானந்த அடிகள் எந்த மாவட்டம்? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. அவர் 1892இல் பிறந்தது காரைதீவில், அது இன்றைக்கு அம்பாறை மாவட்டம். சமாதி இருப்பது கல்லடி உப்போடையில், அது மட்டக்களப்பு. அவர் பிறந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் அம்பாறை என்றொரு மாவட்டமே அப்போது கிடையாது. அது பிறந்தது 1961இல்.

சரி, ஏன் 1961? இங்கேதான் ஆண்டு வரிசை தேவை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைகிறது. பட்டிப்பளை ஆறு என்று எங்கள் பக்கம் சொல்லுகிற ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் கட்டப்படுகிறது. காடு வெட்டிக் குடியேற்றத் திட்டங்கள் வருகின்றன. பெரும்பாலும் சிங்கள விவசாயிகள் குடியேற்றப்பட்டார்கள், தமிழ் முஸ்லிம் விவசாயிகளுக்கும் சில பகுதிகள் கிடைத்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே மாதம் கல்லோயாப் பக்கம் இனக்கலவரம் வெடித்தது. ஐந்து வருசம் கழித்து மட்டக்களப்பின் தென்பகுதி தனி மாவட்டமாக வெட்டப்படுகிறது, தலைநகரம் கடற்கரையில் இல்லாமல் உள்ளே, அணைக்குப் பக்கத்தில்.

ஆகவே பொத்துவிலில் இருக்கும் ஒரு தாய் ஒரு காணிக் கடிதத்துக்காக பஸ் மாறி அம்பாறைக் கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு) போய், தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் படிவம் நிரப்ப ஆள் தேடுகிறாள் என்றால், அது விதி இல்லை, காலநிலையும் இல்லை. 1949இல் ஒரு முடிவு, 1961இல் இன்னொரு முடிவு. மனிதர் மேசையில் இருந்து கீறிய கோடு. கோடு கீறியது யார், எதற்கு என்று தெரிந்தவனுக்குத்தான் அதை வேறு மாதிரியும் கீறியிருக்கலாம் என்று யோசிக்க வரும். தெரியாதவனுக்கு எல்லாம் மலை மாதிரி, ஆதியில் இருந்தே அங்கேயே இருந்ததாகத் தெரியும்.

இதே கல்லோயாவில் இன்னொரு கதையும் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைசியில் பெரும்பாலும் தமிழர். தலைப்பில் இருப்பவன் மடையைத் திறந்து விட்டால் கடைசியில் இருப்பவனுக்கு வயல் காயும். 1980களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்காலில் விவசாயிகளை வாய்க்கால் வாய்க்காலாகக் குழுவாக்கி ஒரு நீர் முகாமைத் திட்டம் நடந்தது. தண்ணீர் மிகக் குறைவாக இருந்த போகத்திலேயே மேலே இருந்தவர்கள் முறை வைத்துக் கீழே தண்ணீர் விட்டார்கள். நாடு 1983 இனக்கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது! இனப்பிரச்சினையில் தண்ணீர் ஓடாது என்று யாராவது சொன்னால், ஓடியிருக்கிறது, இடம் இதுதான் என்று காட்டலாம்.

யார் முதலில் வந்தது? தமிழரா, முஸ்லிம்களா, சிங்களவரா?

எல்லாக் கேள்வியிலும் அதிகம் வருவது இது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும், நான் அதையே சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். முதலில் வந்தவர்களுக்குத்தான் உரிமை என்றால் வாகரைப் பக்கம் இருக்கும் கரையோர வேடர்களிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நாமெல்லாரும் கிளம்ப வேண்டியதுதான். அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

நான் வகுப்பில் செய்வது வேறு. ஒரு நாள் பிள்ளைகளிடம் கேட்டேன்: நீங்கள் இருக்கும் வீடு யாருடைய பெயரில்? ஆரையம்பதிப் பிள்ளைகளும் காத்தான்குடிப் பிள்ளைகளும் கலந்து இருந்த வகுப்பு. ஒருவர் ஒருவராகச் சொன்னார்கள். அம்மா பெயரில். அம்மம்மா எழுதிக் கொடுத்தது. உம்மாக்குச் சீதனமாக் கொடுத்தது. மூத்த ராத்தாக்கு எழுதியாச்சு, இப்ப நாங்க பின்னுக்கு வீடு கட்டுறம், அது எனக்கு. இருபத்தெட்டுப் பேரில் இரண்டோ மூன்றோ பேர்தான் வாப்பா பெயர், அப்பா பெயர் என்றார்கள். சொல்லி முடிய வகுப்பில் ஒரு சின்ன அமைதி. அடுத்தடுத்த ஊர், நடுவில் ஒரு வீதி, இரண்டு பக்கமும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போகிறான் என்பது அதுவரை அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்ததில்லை.

இது தாய்வழிக் குடிமுறையின் மிச்சம். குடி என்றால் ஒரே வழியில் வந்த கூட்டம், மட்டக்களப்பில் அது தாய் வழியாக வருகிறது. கோயில்களில் எந்தக் குடிக்கு என்ன உரிமை, யார் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) என்பது குடியை வைத்துத்தான். முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு, பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார்மாரைக் குடி வழியாகத் தெரிவு செய்த வழக்கமும் உண்டு. பிரித்தானியர் காலத்து நீதிமன்றத்தில் ‘முக்குவர் சட்டம்’ என்று இந்தத் தாய்வழி முதுசத்துக்கு ஒரு சட்டமே இருந்து, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியோடு வழக்கொழிந்து போனது. சட்டம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்து வாய் பிளந்தார், ‘மாப்பிள்ளை இங்க விருந்தாளியாடாப்பா’ என்று.

இதற்கும் இன்றைக்கும் என்ன தொடர்பு என்றால், நிறைய. இங்கிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேளுங்கள். ‘புள்ளைக்கு ஒரு வீடு கட்டணும் கா’ என்பதுதான் பதில். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் நடக்காது. வெளியில் இருந்து வந்து ஆய்வு செய்கிறவர்கள் ‘வறுமையால் புலம்பெயர்வு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அதில் பாதி சரி. மற்றப் பாதி பல நூறு வருசப் பழைய குடிமுறை, சீமெந்து விலையோடு மோதுகிற இடம்.

மட்டக்களப்பு மான்மியத்தில் எழுதியிருப்பது உண்மையா?

மான்மியம் என்பது மட்டக்களப்பின் பழங்கதையைச் சொல்லும் நூல். ஏட்டுச் சுவடிகளில் இருந்ததை எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் அச்சாகப் பதிப்பித்தார். அதில் மன்னர் பெயர்கள் இருக்கின்றன, ஆண்டுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் கல்வெட்டு மாதிரி நம்பினால் சிக்கல். அதற்காகத் தூக்கி எறிகிற பொருளும் இல்லை. எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன வரிசை என்று அது சொல்லும்போது, அதை எழுதி வைத்தவர்கள் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்று தெரிகிறது. பொய் சொல்லுகிற சாட்சியிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கும்: இதை ஏன் இப்படிச் சொல்கிறாய்?

ஒல்லாந்தர், போர்த்துக்கீசர் கதை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதனால் எனக்கென்ன?

ஒரேயொரு கதை சொல்கிறேன், அது நடந்தது மட்டக்களப்பு டவுன் இருக்கும் புளியந்தீவில். போர்த்துக்கீசர் 1628இல் இங்கே கோட்டை கட்டுகிறார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு அவர்களை விரட்ட வேண்டும், ஆனால் கடலில் சண்டை பிடிக்கக் கப்பல் இல்லை. ஒல்லாந்தரைக் கூப்பிடுகிறான். 1638 மே மாதம் வெஸ்டர்வோல்ட் என்ற தளபதி கப்பல்களோடு வந்து கோட்டையைப் பிடிக்கிறார். சில நாளிலேயே இங்கே, மட்டக்களப்பில், ஒப்பந்தம் கைச்சாத்தாகிறது. பிடிக்கிற கோட்டைகளில் ‘மன்னர் விரும்பினால்’ ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்பது மன்னனிடம் இருந்த பிரதியில் ஒரு வாசகம். ஒல்லாந்தரின் பிரதியில் அந்தச் சொற்களைக் காணவில்லை.

அவ்வளவுதான், சில சொற்கள். பிறகு காலி, கொழும்பு என்று ஒவ்வொரு கோட்டையாக விழ விழ, ஒல்லாந்தர் உள்ளே இருந்துகொண்டார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதற்கு ஒரு பழமொழியே உண்டு.

இதைப் படிப்பித்த வாரம் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய், நுண்கடன் கொம்பனி ஒன்றில் கையெழுத்துப் போட்ட கடதாசியைக் கொண்டு வந்தார். வாயால் சொன்ன வட்டி ஒன்று, கடதாசியில் இருந்தது வேறொன்று, கடதாசியும் அவருக்கு வாசிக்க முடியாத மொழியில். மகள் பத்தாம் வகுப்பு. ‘அம்மா, இரண்டு பிரதியும் ஒண்டா இருக்கா எண்டு பாத்தீங்களா?’ என்று அவள் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். எனக்கு அந்த மாதச் சம்பளம் அதுதான்.

வரலாறு திரும்ப நடக்குமா?

அப்படியே நடக்காது. சாயல் வரும், அந்தச் சாயலே ஏமாற்றவும் செய்யும்.

2022இல் எரிபொருளுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது எல்லாரும் ‘இப்படி ஒரு காலம் வந்ததே இல்லை’ என்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஐயா சிரித்தார். எழுபதுகளின் நடுவில் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்றவர் அவர், மரவள்ளிக் கிழங்கைச் சோறாகத் தின்ற தலைமுறை. அதற்கும் முன்னால் 1953இல் கூப்பன் அரிசி விலை கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏறியபோது ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குள் போய்க் கூட்டம் நடத்தியது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் பறந்தபோது எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 1953இல் மானியம் வெட்டப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரலில் கையை விரித்தது. எங்கள் பக்கத்துக்கு அதற்கு முதலே, 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோதே, அடி விழுந்துவிட்டது. படுவான்கரையில் பெரும்போகம் பாதியாகப் போனவர்களைக் கேளுங்கள். இன்னொன்று, சர்வதேச நாணய நிதியத்திடம் 2023இல் வாங்கிய கடனைப் புதிய அதிசயமாகப் பலர் பேசினார்கள். அது பதினேழாவது தடவை, முதல் தடவை 1965. பதினாறு தடவை மருந்து குடித்த நோயாளிக்கு நோய் என்ன என்று கேட்கத் தோன்ற வேண்டுமா இல்லையா?

பழசைக் கிளறினால் பகைதானே வளரும்? விட்டுவிடலாமே?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இழந்தவர்கள். மறக்க வேண்டும் என்று ஒருவர் தனக்குத்தானே முடிவெடுத்தால் நான் யார் மறிக்க.

ஆனால் இங்கே நடப்பது மறதி இல்லை. பாதி ஞாபகம். 1990ஐ எடுங்கள். ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூரில் வீடுகளுக்குள் புகுந்து கொன்றார்கள். இரண்டுக்கும் புலிகளே பொறுப்பு என்று சொல்லப்படுகிறது. செப்டம்பர் 5 வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, திரும்பவில்லை. செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட ஊர்ச்சனத்தை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நான்கிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஐந்தாறு கிழமைக்குள், ஒரே பிரதான வீதியில், பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத தூரத்துக்குள்.

என் வகுப்புப் பிள்ளைகளில் இந்த நான்கு பெயரையும் சேர்த்துச் சொன்ன ஒரு பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. தமிழ்ப் பிள்ளைக்குக் கடைசி இரண்டும் தெரியும். முஸ்லிம் பிள்ளைக்கு முதல் இரண்டும் தெரியும். ஒவ்வொரு ஊரும் தன் நினைவு நாளைத் தன் மதிலுக்குள் வைத்து அழுகிறது. பகை வளர்வது பழசைக் கிளறுவதால் என்கிறீர்கள். பழசில் பாதியை மட்டும் ஊட்டி வளர்த்தால் வளர்வது என்ன என்று நான் கேட்கிறேன். ஒரு வருசம் நான்கு திகதியையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், சத்துருக்கொண்டான் பக்கத்துக்காரன், எழும்பி ‘சேர், காத்தான்குடியில செத்த ஆக்களில சின்னப் பிள்ளைகளும் இருந்ததா?’ என்று கேட்டான். இருந்தது என்றேன். இருந்துகொண்டான். அதற்கு மேல் அன்று பாடம் ஓடவில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்வது?

கேட்கிற வயதில். கேட்ட அளவுக்கு மட்டும். ஏழு வயதுப் பிள்ளை ‘அம்மப்பாவோட படம் ஏன் சுவரில மட்டும் இருக்கு’ என்று கேட்டால் திகதியும் ஆயுதமும் தேவையில்லை.

வரலாறு தெரியாததால் யாரும் சாகப்போவதில்லையே?

செத்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை. நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். கடல் உள்ளே வாங்கியபோது மீன் துள்ளுவதைப் பார்க்கவும் பொறுக்கவும் இறங்கிப் போனவர்கள் இருந்தார்கள். என் சொந்தத்திலும் இருந்தார்கள். சுனாமி என்ற சொல்லே அன்றைக்குத்தான் பலருக்குக் காதில் விழுந்தது.

ஆனால் இந்தக் கரைக்கு அது முதல் தடவை இல்லை. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது கடல் ஏறி இறங்கியது இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. அறுகம்பேப் பக்கம் முகத்துவாரத்தைக் கடந்துகொண்டிருந்தவர்களை அலை அடித்து ஒருவர் இறந்ததாகவும் பதிவு இருக்கிறது. நூற்று இருபத்தோரு வருசத்தில் அது ஊர் வாயில் இருந்து முழுதாக அழிந்துவிட்டது.

இப்போது சுமாத்திராவுக்குப் பக்கத்தில் இருக்கிற சிமெலூ தீவைப் பாருங்கள். நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிகக் கிட்ட, அலை வர நிமிடங்கள்தான். சனத்தொகை எழுபத்தெட்டாயிரம் அளவில், இறந்தவர்கள் ஏழு பேர். ஏன்? 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊரையே கொண்டுபோனது. அதன்பிறகு அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்துத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்ளே வாங்கினால், கேள்வி கேட்காமல் மலைக்கு ஓடு. 2004இல் கிழவிகள் ‘ஸ்மோங்’ என்று கத்தினார்கள், சனம் ஓடியது. எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை, பாட்டிமார்தான் இருந்தார்கள்.

2012 ஏப்ரலில் சுமாத்திராப் பக்கம் மறுபடி நிலம் ஆடி எச்சரிக்கை வந்தபோது கல்லடிச் சனம் பிள்ளை குட்டிகளோடு பாலத்தைத் தாண்டி ஓடியது. அலை வரவில்லை. சிலர் வெட்கப்பட்டார்கள், சும்மா ஓடினோமே என்று. நான் வெட்கப்படவில்லை. ஆனால் இப்போது என் முன்னால் இருக்கும் பிள்ளைகள் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். டிசம்பர் 26 அவர்களுக்கு ஒரு மெழுகுதிரி நாள், அவ்வளவுதான். 1978 நவம்பர் 23 சூறாவளியை ஏற்கெனவே கிழவர்கள் மட்டும்தான் ‘சூறாவளி அடிச்ச வருசம்’ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் வருகிற வரலாற்றை நம்பலாமா?

சிலது நல்லது. ஒரு சின்னச் சோதனை: மட்டக்களப்புக் கோட்டை யார் கட்டியது என்று பாருங்கள். ‘ஒல்லாந்தர் கட்டியது’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதியவர் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசர் தொடங்கியதை ஒல்லாந்தர் பிடித்து மாற்றிக் கட்டினார்கள். சின்னப் பிழைதான், ஆனால் சின்னதில் தேடிப் பார்க்காதவர் பெரியதில் பார்ப்பாரா? அப்புறம், ‘எம்மினம் 5000 ஆண்டு’ என்று தொடங்கி ‘பகிருங்கள்’ என்று முடிகிற எதையும், எந்த இனமானாலும், ஒரு இரவு வைத்துவிட்டு விடிந்து வாசியுங்கள். எனக்கு வருகிறதில் முக்கால்வாசி விடியும்போது நிற்பதில்லை.

சரி, படிக்கத் தொடங்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

புத்தகக் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டு அலுமாரியில், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிற காணி உறுதியை எடுங்கள். அம்மாவிடம் கேட்டு எடுங்கள், இல்லாவிட்டால் வீடு விற்கப் போகிறாய் என்று சண்டை வரும். யார் யாருக்கு எழுதினார்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். எல்லை வாசகத்தை ஆறுதலாக வாசியுங்கள். ‘கிழக்கே ஆறு, மேற்கே தெரு, வடக்கே இன்னாரின் வளவு’ என்று இருக்கும். அந்த இன்னார் இப்போது எங்கே? பெயர் உங்கள் இனத்துப் பெயரா, வேறா? அவர்கள் விற்றுப் போனார்களா, விட்டுப் போனார்களா, எந்த வருசம்? என் வீட்டு உறுதியில் வடக்கெல்லைக்காரர் பெயர் ஒரு பறங்கியர் பெயர். அந்த வளவில் இப்போது இருப்பவர்களுக்கே அது தெரியாது. நான் போய்க் கேட்டபோது கிணற்றடியில் இருக்கிற ஒரு பழைய கல்லைக் காட்டினார்கள், உடுப்புத் துவைக்கிற கல். திருப்பிப் பார்த்தால் அடியில் எழுத்து. பாதி தேய்ந்துவிட்டது, இன்னும் வாசித்து முடியவில்லை.

அம்மம்மா இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். உறுதி பையில் கிடக்கும்.